வேலைக்கென்று வாங்கிய இழைப்புளி

அங்கண்ணன் ஆசாரி இறந்து தலைத்திவசமும் முடிந்த பிறகு தன் வீதிக்கு மறுபடியும் வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மாவு மில் சென்னியப்பன். மழைக்காலம் வந்தால் ஊறிப்போய், தோளால் இடித்தால் மட்டுமே திறக்கும் அவருடைய மில் கதவு, அன்று காலை பூட்டை எடுத்ததும் தானாக உள்ளே போய் நின்றது; விளிம்பைத் தடவிப் பார்த்தால் புதிதாக இழைத்த மரம், ஆனால் தரையில் ஒரு சீவல்கூட இல்லை. யார் செய்தது என்று அவர் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆசாரி வீதி என்று பெயர் இருந்தாலும் அந்த வீதியில் கடைசியாக மரவேலை பார்த்தவர் ஒருவர்தான், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் போவதற்கு முன்னால் இந்தக் கதவை ஒரு நாள் வந்து இழைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார், அதனால் வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார், சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார்.

வீதியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பொள்ளாச்சி ரோட்டை ஒட்டிய அந்தச் சின்ன வீதியில் யாருக்கும் பயம் வரவில்லை, தெரிந்த மனுஷனுக்கு என்ன பயம், உயிரோடு இருந்தபோது வாசலில் நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போனவர்தானே என்றார்கள். அடுத்தடுத்து ஒரு வீட்டு ஜன்னல், இன்னொரு வீட்டுக் கட்டில் சட்டம், பால்காரம்மாவின் முக்காலி என்று ஒவ்வொன்றாக இழைபட்டபோது, சண்டை வந்தது அவர் வருவது பற்றி அல்ல, யார் வீட்டுக்கு முதலில் வருவது என்பது பற்றித்தான். சாயங்காலம் ஜன்னல் விளிம்பில் காப்பி வைத்தார்கள், சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் சர்க்கரை போடாமல் வைத்தார்கள், அதைப் பூனை குடித்துவிட்டுப் போனாலும் ஆசாரி குடித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் சிபாரிசுக்குப் போய் நின்ற இடம் அவருடைய ஒரே மகள் சாந்தாமணியின் வீடு. கல்யாணம் கூடி வராமல் அப்பாவோடேயே இருந்துவிட்டவள், ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள், அப்பா போன பிறகு சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது தட்டையும் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் நினைவு வந்து எடுத்து உள்ளே வைக்கிறவள். இப்போது அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. தையல் மெஷினுக்கு எதிரே மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து, இன்றைக்கு இன்னார் வீட்டு அலமாரி, மறந்துவிடாதீர்கள், அந்தம்மா கர்ப்பமாக இருக்கிறது, இழுத்துத் திறக்க முடியவில்லையாம் என்று பேசிக்கொண்டே துணி வெட்டினாள்.

இழைத்தது அங்கண்ணன் ஆசாரி அல்ல. இழைத்தது கோயம்புத்தூரில், ஒரு ஸ்பின்னிங் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற வரதராஜுலு. அவருக்குமே அது அப்போது தெரியாது.

வரதராஜுலு பழைய தச்சு சாமான்கள் சேகரிக்கிறவர். மாடியில் ஒரு அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், அவற்றில் மரம் இழைக்கும் இழைப்புளிகள், உளிகள், பித்தளை முதுகு வைத்த ரம்பங்கள், கைபட்டுக் கறுத்த, உளி தட்டுகிற கொட்டாப்புளிகள், எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பல் டாக்டர் ஜெரால்டும் இன்னும் சில நண்பர்களும் வருவார்கள். தகட்டை முன்கை முடி சிரைபடும் அளவுக்குத் தீட்டுவார்கள், ஒரு தேக்குப் பலகையை மேஜையில் இறுக்கி இழைப்பார்கள், வந்து விழும் சீவலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் வழியாகச் செய்தித்தாளைப் படித்துப் பார்ப்பார்கள், யாருடைய சீவலில் பொடி எழுத்தும் தெரிகிறதோ அவர் ஜெயித்தார், போட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். கீழே இருக்கும் பலகையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். அது என்னவாகப் போகிறது என்று கேட்பதே அங்கே நாகரிகமில்லை, ஏனென்றால் அது எதுவாகவும் ஆகப் போவதில்லை, தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் குப்பைக்குப் போகும். அந்த வீட்டுச் சமையலறையில் அலமாரித் தட்டு தொங்கியபோது அவர் மனைவி கிருஷ்ணவேணி வெளியிலிருந்துதான் ஆள் கூப்பிட்டாள்.

அங்கண்ணன் ஆசாரியின் இழைப்புளியைப் பற்றிப் பொள்ளாச்சியில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. ஈட்டி மரத்தில் ஆசாரியே செதுக்கிய கட்டை, வெள்ளைக்காரன் காலத்து, இங்கிலாந்து ஷெஃபீல்டு முத்திரை போட்ட தகடு, இரண்டும் ஒன்றில் இருப்பது அபூர்வம் என்று கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. காரை எடுத்துக்கொண்டு நேராக சாந்தாமணி வீட்டுக்கே வந்துவிட்டார்.

அந்த வீதியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசாரி ஒருவர் இறந்தால் அவருடைய இழைப்புளியின் ஆப்பைத் தட்டி எடுத்து, தகட்டை உருவிக் கட்டையின் பக்கத்தில் படுக்க வைத்துவிடுவார்கள், அதை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள், வேலை செய்கிறவர் யாராவது வந்து அதன்மேல் கையை வைத்து, இன்ன வேலைக்கு எடுக்கிறேன் என்று சொன்னால் மட்டும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். சாந்தாமணி அவரைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"என்ன வேலைக்குங்க?"

அவர் கண்ணாடி அலமாரிக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கிடைக்காது என்று அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அதனால் ஈட்டி மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணிமைக்காமல், கோயம்புத்தூரில் ஒரு காப்பகம் இருக்கிறது, அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவர்களுக்குப் பெஞ்சு செய்து கொடுக்க என்று சொன்னார். சாந்தாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றாள், அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள், தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். காரில் திரும்பும்போது வரதராஜுலுவுக்கு வெட்கமெல்லாம் இல்லை. நல்ல சமயத்தில் நல்ல பதில் வந்ததே என்று சீட்டி அடித்துக்கொண்டுதான் வந்தார்.

மறுநாள் தகட்டைத் தீட்டி, ஆப்பை இறுக்கி, தேக்குப் பலகையில் ஒரு இழுப்பு இழைத்தபோது அதுவரை பார்த்தே இராத ஒரு சீவல் சுருண்டு வந்தது. ஒரே குறை, வந்தது தேக்கு இல்லை, வேம்பு. இரண்டாவது இழுப்பில் பச்சைப் பெயின்ட் ஓரம் வைத்த வேங்கை. மூன்றாவதில் பலா, அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த பொட்டு. தேக்குப் பலகை மட்டும் கடையில் வாங்கி வந்தபோது இருந்த கனத்தில் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு, பழைய தகடுகளுக்கு ஒரு குணம் உண்டு என்று தலையாட்டினார்கள், பலகை தேயாதது எவ்வளவு சிக்கனம் என்று ஜெரால்டு சொன்னார், குங்குமம் வைத்த சீவலைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். கூட்டிப் பெருக்குகிற கிருஷ்ணவேணிதான், யார் வீட்டு நிலைப்படியோ தெரியவில்லையே என்று முனகிக்கொண்டே அதை முறத்தில் அள்ளினாள். பிள்ளைகள் உயரம் பார்த்துப் பென்சிலால் கோடு போட்ட சீவலும் ஒரு நாள் வந்தது, அதையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார்கள்.

சீவலுக்காக இழைக்கிறவனுக்கு மரத்தைப் பற்றி என்ன கவலை. வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றாது. வரதராஜுலுவுக்கு இன்னொரு குறையும் இருந்தது, இழுப்பு முடிகிற இடத்தில் அவர் கை தாழ்ந்துவிடும், பலகையின் ஒரு முனை எப்போதும் சரிவாகப் போகும், அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை, சொல்ல யாருக்கும் தெரியவும் இல்லை. அவர் ஓய்வு பெற்றவர், பொழுதுக்கும் இழைத்தார். ஆசாரி வீதியில் அளவோடு தேய்ந்து அழகாகத் திறந்த கதவுகள் மேலும் தேய்ந்து சந்து விட்டன, சந்து வழியாக எலி வந்தது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. சாப்பாட்டு மேஜையில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருண்டு போய் ஒரே மூலையில் விழுந்தது, எல்லா வீட்டிலும் அதே மாதிரி ஒரு மூலை சரிந்திருந்தது. பலகைகளில் சிராய் கிளம்பி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் விரலில் ஏறியது.

வீதி இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொண்ட விதம்தான் மாறியது. முதலில் பாவம், வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றார்கள். பிறகு செத்த பிறகு கை போய்விட்டது என்றார்கள். பிறகு காப்பி வைப்பதை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு, பால்காரம்மாவோ வேறு யாரோ ஆரம்பித்து வைக்க, உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது, நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று பேச்சு வந்து, அவர் முன்னால் செய்து கொடுத்த ஊஞ்சலையும் பீரோவையும் குனிந்து குனிந்து பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். தேடினால் குற்றம் கிடைக்காத சாமான் உலகத்தில் இருக்கிறதா என்ன. எல்லார் வீட்டிலும் கை வைத்த மனுஷன் தன் வீட்டு வாசக்கதவை மட்டும் தொடவில்லை பார்த்தீர்களா, விவரமான ஆள்தான் என்று சென்னியப்பனே மில்லில் உட்கார்ந்து சிரித்தார். உண்மையில் அந்தக் கதவு அங்கண்ணன் தன் கல்யாணத்துக்கு முன்னால் செய்தது, நாற்பது மழைக்கும் ஊறாமல், ஒரு இலை நுழைய இடமில்லாமல் நிலையில் பொருந்தி நின்றது, இழைப்புளியின் போக்கு இன்னும் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாந்தாமணி முதலில் பட்டி வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சந்துகளை அடைத்துக் கொடுத்தாள். போகிற இடமெல்லாம், மன்னிச்சுக்குங்க, மனசில வச்சுக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அதுவே பேச்சாகிவிட்டது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் குறைந்தார்கள், வந்தவர்களும் அவள் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு இந்த வீதியில் சொத்து என்று இருந்தது ஒரு பேர் மட்டும்தான், அதுவும் அவள் கண்ணெதிரே நாறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளுடைய தையல் மெஷின் பலகையே ஒரு பக்கம் சரிந்து, ஊசி தடம் மாறி, யாருடைய பட்டுத் துணியோ கிழிந்த அன்று, அவள் படத்துக்கு முன்னால் போய் நின்று ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த மெஷின் பலகையின் சீவல் கோயம்புத்தூரில் வந்து விழுந்தபோது வரதராஜுலு கையில் எடுத்துப் பார்த்தார். அதில் மெஷின் எண்ணெய்க் கறை இருந்தது, துணி வெட்டப் போடுகிற நீலச் சாக்குக்கட்டிக் கோடு இருந்தது, ஓரத்தில் பாதி உரிந்த மயில் ஸ்டிக்கர் இருந்தது. தாம்பாளத்தை வாங்கிய அன்று அந்த மயிலைப் பார்த்துக்கொண்டுதான் அவர் காப்பகத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேம்பும் வேங்கையும் பலாவும் எங்கிருந்து வந்தன என்று ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவரைக் காப்பாற்ற வழியில்லை, புரிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. வருகிற ஞாயிறு வேறு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாக இருந்தது, அதுவரைக்கும் மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் எடுத்த சீவலின் வழியாகச் செய்தித்தாளின் பொடி விளம்பரம் வரைக்கும் படிக்க முடிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், ஜெரால்டு அவரைக் கட்டிக்கொண்டார். அது எந்த வீட்டு மரமோ.

அடுத்த நாள் சாந்தாமணி போன் செய்தாள். வரதராஜுலு குளித்துக்கொண்டிருந்தார், எடுத்தது கிருஷ்ணவேணி. இந்த வீதிக்கு வேறு ஆசாரி யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், ஐயா எங்கப்பனின் இழைப்புளியை எடுத்துக்கொண்டு ஒரு தடவை வந்து, எங்கப்பன் கெடுத்ததையெல்லாம் சரிசெய்து கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகளெல்லாம் இப்போது பெஞ்சில் உட்கார்ந்துதானே படிக்கிறார்கள் என்று விசாரித்தாள். கிருஷ்ணவேணி போனை வைத்தாள். துண்டோடு வந்து நின்ற புருஷனிடம் சாந்தாமணி கேட்டதை அப்படியே ஒப்பித்தாள், எந்தக் காப்பகம், எந்தப் பெஞ்சு என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட அவருக்குப் பதிலுக்கு ஒரு பொய் வந்திருக்கும். ஈரத்தோடு நின்றபடி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரால் தன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானமே கிளம்பினார். இழைப்புளியைக் கொடுத்துவிட்டு, காதோடு காதாக அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் கார் நின்றதுமே, பெரிய ஆசாரி வந்துவிட்டார் என்று வீதி கூடிவிட்டது. தேய்ந்த முக்காலி, சாய்ந்த கட்டில், எலுமிச்சை உருளும் மேஜை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன, ஒவ்வொன்றாகக் காட்டி, பாருங்கள் செத்தவர் செய்து வைத்திருக்கிற வேலையை என்றார்கள். சாந்தாமணி அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த பிறகு காதோடு காதாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

"இது எதுவும் அவர் செய்யலீங்க. நான் செஞ்சது," என்றார்.

யாரும் நம்பவில்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இங்கே எப்படி இழைக்க முடியும், செத்தவர் வந்து இழைத்தார் என்றால் அதில் ஒரு ஞாயம் இருக்கிறது, இதில் என்ன ஞாயம் இருக்கிறது என்றார்கள். பெரிய மனுஷன், ஒரு பெண்பிள்ளையின் மானத்துக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று பால்காரம்மா நெகிழ்ந்து போனாள். காப்பகம் என்று தான் சொன்னது பொய் என்றார், சீவலுக்காக இழைத்தேன் என்றார், அதைக் கேட்டுச் சிரித்தார்கள், சீவலுக்காக யாராவது மரத்தை இழைப்பார்களா. சொல்லச் சொல்ல அவர் மரியாதை ஏறிக்கொண்டே போனது, அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு அதற்கு முன்னால் நேர்ந்ததில்லை.

சென்னியப்பன்தான் கடைசியில், அப்படியானால் இழைத்துக் காட்டட்டும், அவரவர் கை அவரவருக்குத் தெரிந்துவிடும் என்றார். எதில் இழைப்பது என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள், தன் சாமானை இனிமேலும் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. சாந்தாமணி முன்னால் வந்து தன் வீட்டு வாசக்கதவைக் காட்டினாள். அதைத் தொடவில்லை என்றுதானே எங்கப்பனைப் பேசினீர்கள், இதிலேயே இழைக்கட்டும் என்று சொன்னாள். சென்னியப்பனும் இன்னொருவரும் கீலைக் கழற்றிக் கதவை வீதியில் இறக்கி, விளிம்பு மேலே வருகிற மாதிரி நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

வரதராஜுலு கதவைத் தடவிப் பார்த்தார். எத்தனையோ சாமான் பார்த்த கை, இப்படி ஒரு விளிம்பைத் தொட்டதில்லை. ஒரு கணம், நன்றாக இழைத்துவிட்டால் என்ன, முனையில் கையைத் தூக்கிப் பிடித்தால் என்ன, தப்பித்துவிடலாமே என்று தோன்றியதும் உண்மை. பிறகு எப்போதும் இழைக்கிற மாதிரியே இழைத்தார். அந்த வீதியில் இழைப்புளி வேறெங்கும் போகத் தேவையில்லை, சீவல் அந்தக் கதவிலிருந்தே சுருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. நாருக்கு எதிராக ஓடி மரம் பிய்ந்தது. முடிகிற இடத்தில் கை தாழ்ந்தது. மறுபடியும் இழைத்தார், மறுபடியும் தாழ்ந்தது. தன் வேலை மட்டம் என்பதை இவர்கள் பார்க்க வேண்டுமே என்று வேர்த்து வேர்த்து, மூக்குக்கண்ணாடியில் வேர்வை சொட்டச் சொட்ட, அந்த நல்ல கதவை ஒரு முனை சரிகிற வரைக்கும் இழைத்தார். பால்காரம்மா தன் முக்காலியைக் கொண்டுவந்து கதவின் பக்கத்தில் வைத்து, அந்தச் சரிவையும் இந்தச் சரிவையும் விரலால் தடவிப் பார்த்தாள், முக்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"இதே கைதான் அம்மிணி," என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல், பிடித்திருந்த கதவையே பார்த்தார். "உங்கப்பனை நாங்கதான் தப்பாப் பேசிட்டம்."

கூட்டம் நின்றது, போகவும் முடியவில்லை, நிற்கவும் கூசியது. கதவைத் தூக்கித் திரும்ப நிலையில் மாட்டினார்கள். வரதராஜுலு இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். சாந்தாமணிக்கு முகம் தெளிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அப்பா பேர் திரும்பக் கிடைத்துவிட்டதே. அவள் வரதராஜுலுவின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப எங்கப்பன் ஒரு நாள்கூட வரலீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வரும். சென்னியப்பன் மில் கதவை மட்டும் நான் இழைக்கவில்லை, முதல் தடவை நடந்தது எப்படியென்று எனக்கே தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் இருப்பாள். அவர் கை ஈட்டி மரத்தின்மேல் இருந்தது.

"இல்லம்மா," என்றார்.

சாந்தாமணி குனிந்து, அவர் காலடியில் கிடந்த கதவின் சீவலை அள்ளிக்கொண்டாள்.

"நான் அவரை இனிமே இந்த வீட்டுப் பக்கமே வராதீங்கன்னு சொல்லிப் போட்டனுங்க," என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அது சாத்தியும் சாத்தாமல் நின்றது, வரதராஜுலு இழைத்து எடுத்த அந்தச் சந்து வழியாக, அவள் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பது வீதி முழுக்கக் கேட்டது.